டிரெய்லர் ஏறிய மோரிஸ்

தேனி பஜாரில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் விஜய்ராஜ், பழைய மோரிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கி வருசக்கணக்காகத் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் அவன் மனைவி ஜெபஷீலா உட்கார்ந்தது ஒரே தடவை, போட்டோவுக்கு. குமுளியில் நடக்கும் பழைய கார் கண்காட்சிக்கு அதில்தான் கூட்டிப்போவேன் என்று அவன் அடித்துச் சொன்னதை நம்பி, பாவி மகள் பட்டுச்சேலை கட்டி வாசலுக்கு வந்தாள். மோரிஸ் டிரெய்லரில் கட்டிக் கிடந்தது. இழுக்கிற ஜீப்பின் முன் சீட்டில்கூட அவளுக்கு இடமில்லை. அங்கே ஸ்பேர் கார்பரேட்டர் உட்கார்ந்திருந்தது. அது குலுங்கக் கூடாதாம்.

பின்னால் பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கிக்கொண்டாள். பெல்ட், பிளக், பிரேக் சாமான், துணியில் சுருட்டிய ஸ்பேனர்கள். அந்தத் துப்புக்கெட்ட மனுசனுக்கு அவற்றை எண்ணெய் போட்டுத் துடைக்க வரும். ஒரு நட்டைக் கழற்ற வராது.

உத்தமபாளையம் தாண்டி டிரெய்லர் டயர் வெடித்தது. காருக்கு ஸ்டெப்னி இரண்டு இருந்தது. டிரெய்லருக்கு ஒன்றுமில்லை. காரை இறக்கி ஓட்டுங்கள் என்றாள் ஜெபஷீலா. டாங்க் துருப்பிடிக்கும் என்று பெட்ரோலை வடித்துவிட்டானாம். அவளுக்குச் சீ என்று போய்விட்டது.

அந்நேரம் ஒரு பழைய பியட் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது. போடி ஏலக்காய் வியாபாரி சந்தனம்மாள் தானே ஓட்டி வந்தாள், அவளும் கண்காட்சிக்குத்தான். பம்பரைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் டிக்கியிலிருந்து பெட்ரோல் கேனை எடுத்து நீட்டினாள்.

விஜய்ராஜ் கேனை வாங்கவில்லை. டயரில் புழுதி படிந்தால் கண்காட்சியில் மார்க் போய்விடும் என்று இழுத்தான்.

"புழுதியக் கழுவிக்கிறலாம். எறக்குங்க," என்றாள் ஜெபஷீலா.

"ஓட்டி, வழியில ரிப்பேராயிருச்சுன்னா?"

பெட்டி பெட்டியாகச் சாமானை வைத்துக்கொண்டு ஒரு ஆம்பளை கேட்கிற கேள்வியா இது? இவன் எந்தக் காலத்திலும் அந்தக் காரை ஓட்டப்போவதில்லை, தன்னை ஏற்றப்போவதும் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, ஒங்க வண்டில எடம் இருக்கா?"

"முன்னாடி ஏறு தாயி. கதவ மட்டும் பிடிச்சுக்கிறணும்."

ஜெபஷீலா ஏறினாள். விஜய்ராஜ் பதறி ஓடி வந்து, தான் மட்டும் தனியாக இங்கன கிடந்து என்ன செய்வது என்று கேட்டான்.

"தொடச்சுக்கிட்டு இருங்க," என்று சொல்லிக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.