மூன்றுக்குப் பதில் நான்கு

அமெரிக்கப் பழங்குடிகளான செரோகீ கைவினைஞர்களின் கூட்டுறவுச் சங்கத் தேர்வுக் குழு பார்க்கிற பார்வையில் கூடைக்கே காய்ச்சல் வந்துவிடும். அர்லிண்டாவின் இரண்டு கூடைகளுக்கு ஏற்கெனவே வந்தாயிற்று. முதல் கூடை மேசையில் வைத்ததும் ஆடியது என்று திரும்பி வந்தது. இரண்டாவதில் ஒரே ஒரு பட்டைக்கு மட்டும் வேர்ச் சாயத்துக்குப் பதில் கடைச் சாயம் ஏற்றியிருந்தாள். குழுவின் தலைவி ஓலீட்டா, அவள் வாசலில் நிற்கும்போதே அதை மோப்பம் பிடித்துவிட்டார். ஓலீட்டா அர்லிண்டாவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்கா. அதற்காகச் சலுகை எதுவும் கிடையாது, கூடுதலாக நாலு திட்டு உண்டு.

சங்கத்தில் சேர மூன்று முறைதான் வாய்ப்பு. இன்று மூன்றாவது. தேறினால் அவள் கூடை சங்கத்தின் கண்ணாடி அலமாரியில் உட்காரும். தேறாவிட்டால் நெடுஞ்சாலையோரக் கடையில் ரப்பர் கோடரிகளுக்கும் பிளாஸ்டிக் இறகுகளுக்கும் நடுவில் ஆயுள் முழுக்கக் கிடக்க வேண்டியதுதான்.

பள்ளி விடுமுறை என்பதால் அவள் பிள்ளைகள், எட்டு வயது கோரலியும் ஐந்து வயது டேவனும் கூடவே வந்திருந்தார்கள். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் டேவன் சுவரிலிருந்த மரமுகமூடிகளில் பாதியோடு சண்டை போட்டு முடித்திருந்தான்.

"எதையும் தொடாதடா!"

"நான் தொடலம்மா. அந்த எருமைதான் என்னத் தொட்டுச்சு."

"கோரலி, நீயாவது சும்மா உக்காரு. பொழுது போகலைன்னா நம்ம கூடையில பட்டைய எண்ணிக்கிட்டிரு."

அவள் கொண்டுவந்தது இரட்டைச் சுவர்க் கூடை. ஆற்று மூங்கிலைப் பட்டையாக உரித்து, உள்சுவரை அடியிலிருந்து மேலே பின்னி, விளிம்பில் அதே பட்டைகளை மடக்கி, வெளிச்சுவராகக் கீழே இறக்கிக்கொண்டு போய் அடியில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு பட்டையும் மூன்றுக்கு மேலே, மூன்றுக்குக் கீழே என்று போக வேண்டும். அந்தக் கணக்கு பிசகினால் கோலம் கோணிக்கொள்ளும்.

"அம்மா, இங்க நாலு இருக்கு."

"இருக்காது."

"நாலும்மா. நீயே எண்ணிப் பாரு."

அர்லிண்டா எண்ணினாள். நான்கு. மறுபடி எண்ணினாள். கூடை கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. அண்ணன் மகன் பந்தாட்டத்தில் இரண்டு பல்லை இழந்தான் என்று போன் வந்ததே, அந்த நேரத்தில்தான் கை தப்பியிருக்க வேண்டும். வெளிச்சுவரில், அடிக்கு இரண்டு விரல் மேலே. ஓலீட்டா கண்ணில் படாமல் போனாலும் போகலாம். ஆனால் தன் கண்ணில் பட்டுவிட்டதே!

கூடையைக் கவிழ்த்தாள். அடியில் செருகியிருந்த நுனியை நகத்தால் நெம்பி இழுத்தாள்.

குழுவின் இன்னொரு உறுப்பினர், மரம் செதுக்குகிற வில்பர்ன், கதவைத் திறந்து அவள் பெயரைச் சொன்னபோது அடிப்பாகம் முள்ளம்பன்றி மாதிரி விரிந்து நின்றது.

"ஏம்மா! என்ன காரியம் பண்ற?"

"ஒரு தப்பு மாமா. பிரிச்சுப் பின்றேன்."

"இன்னிக்குக் காட்டலேன்னா போச்சு, தெரியும்ல?"

"முடிச்ச கூடையக் காட்டணும்னுதானே விதி? எங்க உக்காந்து முடிக்கணும்னு எதுலயும் எழுதலியே."

உள்ளேயிருந்து ஓலீட்டாவின் குரல் வந்தது. "அவ சொல்றது சரிதான். இங்க வந்து பின்னச் சொல்லு. எங்க தப்பு விட்டான்னு நானும் பாக்கணும்."

குழு அறையின் நடுவில் தரையில் உட்கார்ந்து பின்னினாள். காய்ந்த பட்டை வளைக்கும்போதே வெடிக்கப் பார்த்தது. கோரலி குழாயிலிருந்து காகிதக் கோப்பையில் தண்ணீர் சுமந்தாள். டேவனுக்குக் கோப்பை கிடைக்கவில்லை. வாய் நிறைய ஏந்தி வந்து கூடைமேல் பீய்ச்சினான்.

"எச்சிலும் விதியில சேத்தியா?" என்றார் வில்பர்ன்.

"கடையில வாங்கலியே, விடு," என்றார் ஓலீட்டா.

வில்பர்னின் வீட்டில் அவரைக்கொட்டை போட்ட சோள ரொட்டி காத்திருந்தது. அவர் மனைவிக்கு போன் போட்டு "அஞ்சே நிமிஷம்" என்று ஏழு முறை சொன்னார். அந்த ஐந்து நிமிடம் இரண்டரை மணி நேரம் ஓடியது. நடுவில் ஒரு பட்டை நீளவாக்கில் கீறல் விட்டது. அர்லிண்டா இன்னும் மூன்று சுற்றைப் பிரித்தாள். பிரித்த வேறொரு பட்டையின் நுனியைக் கீறலின்மேல் வெளியே தெரியாதபடி செருகி, மறுபடி கீழே பின்னிக்கொண்டு போனாள். முழங்கால் மரத்தது, விரல் மரத்தது, பிடிவாதம் மட்டும் மரக்கவில்லை.

கடைசி நுனி உள்ளே போனது. ஓலீட்டா கூடையை வாங்கி, உதடு அசைய, பட்டை பட்டையாக எண்ணத் தொடங்கினார். கோரலியும் கூடவே உரக்க எண்ணினாள்.

"வாய மூடுடி, எனக்கு விட்டுப்போகுது!"

"முப்பத்தொம்போதுல இருக்கீங்க பாட்டி."

ஓலீட்டா முறைத்தார். நாற்பதிலிருந்து தொடர்ந்தார். ஒரு சுற்று முடித்து, மறுபடி ஒரு சுற்று. பிறகு உறுப்பினர் படிவத்தை மேசைமேல் தள்ளினார்.

"அடுத்த மாசம் ரெண்டு கொண்டா. வீட்டுலயே எண்ணிட்டுக் கொண்டா."

"சரி பெரியம்மா."

அர்லிண்டாவின் விரல்கள் இன்னும் பட்டையைப் பிடித்த வளைவிலேயே நின்றன. பேனாவை முஷ்டியில் பிடித்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்தது.

ஓலீட்டா குனிந்து பார்த்தார்.

"நல்லவேளை, இத நாங்க தேர்வுக்கு எடுக்கறதில்ல."