ஒரிஜினல் அத்தானும் ஒளித்துவைத்த ஃபேனும்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'ஒரிஜினல்' என்றால்தான் தெரியும். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அவர் பிறப்பதற்கு முன்பே சாலைக்கு வந்துவிட்ட வண்டி. அதில் ஒரு திருகாணியை மாற்றினாலும், புதுத் திருகாணி பழையது மாதிரியே துருப்பிடித்திருக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்பார். நான் முறைக்கு அத்தான் என்று கூப்பிடுகிறேன். மனதுக்குள் எனக்கும் அவர் ஒரிஜினல்தான்.

நான் ரேடியேட்டர் கடை வைத்திருக்கிறேன். லாரி, வேன், டிராக்டர் என்று சூடாகிற எதுவும் என் கடைக்கு வரும், ஆறிப் போய்ச் சேரும். அத்தானின் கார் மட்டும் வராது. சொந்த மச்சினியின் கடை அடுத்த தெருவில் இருக்கும்போது, மேட்டைக் கண்டால் கொதிக்கிற வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் கடையைத் தாண்டித் தாண்டிப் போனால் எனக்கு எப்படி இருக்கும்? கேட்டால், "உன் கைல குடுத்தா புதுசாக்கிடுவம்மா" என்பார். புதுசாக்குவது ஒரு குற்றமா!

வண்டி கொதித்தால் அவர் பானெட்டைத் திறந்துவைத்து, காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் நின்றுகொள்வார். தண்ணீர் தேடிக் கேனைத் தூக்கிக்கொண்டு நடப்பது என் அக்காவின் வேலை. கல்யாணத்தின்போது இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

போன வருஷம் பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கம் எல்லா வண்டிகளையும் வரிசையாக மலைமேல் கூட்டிப் போனது. பாதி மலையில், ஒரு வளைவில், அத்தானின் வண்டி உஸ்ஸென்று ஆவி விட்டு நின்றுவிட்டது. அக்கா புதுப் புடவையோடு கேனைத் தூக்கிக்கொண்டு கீழே இருந்த டீக்கடைவரை நடந்தாள், திரும்பி ஏறினாள். மற்ற வண்டிக்காரர்கள் எல்லாம் கையாட்டிக்கொண்டே அவளைக் கடந்து போனார்கள். அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறவில்லை. அத்தான் சந்தைக்குப் போனால்கூட அவள் பஸ்ஸில் போவாள், அவர் காரில் போவார். ஒரே சந்தைக்கு!

இந்த வருஷமும் அழைப்பு வந்தது. அக்கா என் கடையில் உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து அத்தான் உள்ளே வந்து, தலையைச் சொறிந்துகொண்டே, "நீயும் வாயேன்" என்றார்.

அக்கா யோசிக்கவே இல்லை. முன்கூட்டியே முடிவு பண்ணி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"வரேன். ஆனா ஒண்ணு. மேல போய்ச் சேர்றவரைக்கும் வண்டி கொதிச்சு எங்கயும் நிக்கக் கூடாது. நின்னா அதை வித்துடணும். சம்மதமா?"

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. கடை வாசலில் நின்ற வண்டியை ஒரு தரம் பார்த்தார், அக்காவை ஒரு தரம் பார்த்தார்.

"சம்மதம்" என்றார். அக்கா கூட வருவது அவருக்கு அவ்வளவு முக்கியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாளே ரேடியேட்டரைக் கழற்றி, துணியில் சுற்றி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"உள்ள நீ என்ன வேணா பண்ணிக்கோ. வெளில பாத்தா ஒண்ணுமே பண்ணாத மாதிரி இருக்கணும். சங்கத்துல நடுவர் ஒருத்தர் இருக்காரு. ஏறுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு வண்டியா பானெட்டைத் தெறந்து பாப்பாரு. ஒரு புது வயர் கண்ணுல பட்டாலும் பரிசுப் பட்டியல்லேருந்து பேரை அடிச்சிடுவாரு."

"அத்தான், பரிசு வேணுமா, வண்டி வேணுமா?"

"ரெண்டும்" என்றார், கூச்சமே இல்லாமல்.

எனக்குக் கோபம் வந்தாலும் கை அரித்தது. இப்படி ஒரு வேலை எந்த லாரிக்காரன் கொண்டுவருவான்? ரேடியேட்டரின் மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் பித்தளை. அவற்றில் அச்சடித்திருந்த எழுத்து, பக்கத்தில் இருந்த நசுங்கல் எதையும் நான் தொடவில்லை. ஈயத்தை உருக்கி இரண்டையும் பிரித்தேன். நடுவில் இருந்த பழைய குழாய் வரிசைகள் உப்புப் படிந்து பாதிக்குமேல் அடைத்துக் கிடந்தன. இத்தனை நாள் இது ஓடியதே பெரிது. அதை எடுத்துவிட்டு, அதே அகலத்தில், ஆனால் இன்னும் நெருக்கமாகவும் கூடுதல் வரிசையாகவும் குழாய்களை அடுக்கி, தொட்டிகளை மறுபடி பற்றவைத்தேன். தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் காற்றடித்துப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. மேலே பழையபடி மங்கிய கறுப்புச் சாயம் அடித்தேன். அத்தான் வந்து பார்த்துவிட்டு, கறுப்பு கொஞ்சம் கூடுதல் கறுப்பாக இருக்கிறது என்றார். விரட்டிவிட்டேன்.

அதோடு வேலை முடியவில்லை. மலையில் வண்டி நகர்கிற வேகத்துக்குக் காற்றே உள்ளே வராது. இன்ஜினோடு சேர்ந்து சுற்றுகிற பழைய விசிறியும் அந்த வேகத்தில் சோம்பலாகத்தான் சுற்றும். அதனால் முன்பக்கம், கிரில் கம்பிகளுக்குப் பின்னால், மெல்லிய மின்விசிறி ஒன்றை ஒளித்துவைத்தேன். சூடு ஏறினால் அதுவே ஓடும், ஆறினால் அதுவே நிற்கும். வயர்களைப் பழைய துணி நாடாவில் சுற்றிப் பழைய வயர்களோடு படுக்கவைத்தேன். அதற்கான ஃபியூஸை வெளியே எங்கே வைத்தாலும் அத்தான் முகம் சுளித்தார். கடைசியில் முன் இருக்கைக்கு எதிரே, டேஷ்போர்டில் சாமான் போடுகிற சின்னப் பெட்டிக்குள் வைத்தேன். அக்கா உட்காரும் பக்கம்.

ஊருக்குள் ஓட்டிப் பார்த்தோம். சூட்டு முள் நடுவில் போய் உட்கார்ந்ததோடு சரி, அசையவில்லை. அத்தான் ஸ்டியரிங்கைத் தடவிக்கொடுத்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. "நானும் வரேன். என் வேலையை நான் பாக்கணும்" என்று நானாகவே வாயைக் கொடுத்துப் பின் இருக்கையில் இடம் பிடித்தேன்.

பயணத்தன்று மலையடிவாரத்தில் வண்டிகள் பளபளவென்று வரிசையாக நின்றன. நடுவர் தொப்பியும் கைவிளக்குமாக வந்தார். நானும் அக்காவும் அந்த நேரத்தில் டீ குடிக்கப் போயிருந்தோம். திரும்பி வந்தபோது அவர் அத்தானின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். "இப்படி ஒரு வண்டிய நான் பாத்ததே இல்ல, ரேடியேட்டர்ல அந்த நசுங்கல்கூட அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தானுக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வேலைக்குக் கிடைத்த பாராட்டை அவர் வாங்கிக்கொண்டதை நான் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன்.

ஏறத் தொடங்கினோம். அக்கா முன்னால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை மேற்பார்வைக்கு வந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்திருந்தாள். முதல் சில வளைவுகள் சுகமாகப் போயின. அப்புறம் செங்கல் லோடு லாரி ஒன்று முன்னால் மாட்டியது. அது ஊர்ந்தது. நாங்களும் ஊர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் சங்கமே ஊர்ந்தது.

முள் நடுவைத் தாண்டியது. நான் பதறவில்லை. இந்நேரம் ஃபேன் ஓட ஆரம்பிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முள் இன்னும் ஏறியது. சத்தமே இல்லை.

"அத்தான், ஃபேன் ஓடலையே!"

"ஓடும், ஓடும்" என்றவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். ஒரு கை சட்டைப்பைக்குப் போனது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்ன பண்ணீங்க?"

"இல்லம்மா... நடுவர் பானெட்டைத் தெறக்கற நேரம் பாத்து ஃபேன் ஓடிடுச்சுன்னா? அதான் ஃபியூஸைப் புடுங்கிப் பைல போட்டேன். அவர் கையைக் குடுத்ததும்... மறந்தே போச்சு."

எனக்கு வந்த கோபத்தில் என் தலையில் தண்ணீர் வைத்தால் கொதித்திருக்கும். அத்தனை வேலையும் செய்து, அத்தனையும் ஒளித்து, கடைசியில் மனிதர் அதன் உயிரையே பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு மலையேறியிருக்கிறார்!

"குடுங்க, போட்டுத் தொலைக்கிறேன்!" என்று எட்டினேன். முன் இருக்கை ஒரு சோபா அகலம். என் கை டேஷ்போர்டுக்குப் பாதி வழிகூடப் போகவில்லை. அத்தானால் வளைவில் ஸ்டியரிங்கை விட முடியாது. ஓரமாக நிறுத்தலாம் என்றால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் சங்கம். அவர் ஒரு கையால் அந்தச் சின்ன ஃபியூஸை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பொட்டியத் தெறந்து, உள்ள இருக்கற ஓட்டைல அமுக்கணும், அவ்ளோதான்கா!" என்று கத்தினேன்.

அக்கா அமுக்கவில்லை. விரல் நுனியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதப் போடலன்னா?"

"கொதிச்சு நின்னுடும்" என்றார் அத்தான்.

"நின்னா வித்துடணும்."

"ஆமா. சொன்னா சொன்னதுதான். நீ போடணும்னு நான் கேக்க மாட்டேன்." கண் ஒரு தரம் முள்ளுக்குப் போய்வந்தது. ஆனால் கெஞ்சவில்லை.

முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் என்ன விசாரணை! வாயைத் திறக்கப் போனேன். அக்கா திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி என்னை அடக்கினாள்.

"போன வருஷம் நான் கேனைத் தூக்கிட்டு எறங்கினேனே. நீங்க ஏன் கூட வரல?"

அத்தான் சாலையையே பார்த்தார். லாரி உறுமியது.

"வண்டியைத் தனியா விடக் கூடாதுன்னு நின்னேன்" என்றார். வளைவைத் திருப்பிவிட்டு, "உன்னைத்தான் தனியா விட்டிருக்கக் கூடாது. நீ வளைவுல எறங்கி மறையிறவரைக்கும் பாத்துட்டுதான் இருந்தேன். வரணும்னு தோணுச்சு. வரல. தப்புதான்."

"இதைச் சொல்ல ஒரு வருஷமா?"

"நீ பஸ்ல போறப்பெல்லாம் பின்னாடியே காரை ஓட்டிட்டு வருவேன். சொல்லிடலாம்னு நெனைப்பேன். நீ எறங்கற எடத்துல நிறுத்த எடம் இருக்காது."

அக்கா அவரை ஒரு கணம் வெறித்தாள். அப்புறம் களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து, ஃபியூஸை உள்ளே வைத்து, கட்டைவிரலால் நறுக்கென்று அமுக்கினாள்.

முன்னால் கிரிலுக்குள் ஃபேன் ஹோவென்று கிளம்பியது. அவ்வளவு இனிமையான சத்தத்தை என் கடையில்கூட நான் கேட்டதில்லை. முள் சிவப்பில் கொஞ்ச நேரம் அடம்பிடித்தது, பிறகு மனசில்லாமல் இறங்கியது. அத்தான் மூச்சு விட்டார். நானும் விட்டேன். அக்கா மட்டும், "ஒழுங்கா ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள்.

உச்சியில் போய் இன்ஜினை அணைத்தோம். ஃபேன் நிற்கவில்லை. வண்டி இன்னும் சூடாக இருந்ததால் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. நடுவர் காதைச் சாய்த்துக்கொண்டு வந்தார்.

"என்ன சார், சத்தம் வருது?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது பொய் தேடினேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் இறங்கிப் போய்த் தானே பானெட்டைத் தூக்கினார்.

"ஃபேன் சார். கரன்ட்டுல ஓடறது. ரேடியேட்டருக்குள்ள இருக்கற குழாயும் புதுசு. எல்லாம் என் மச்சினி வேலை. கீழ உங்க கண்ணுல படக் கூடாதுன்னு மறைச்சிட்டேன், மன்னிச்சுக்கோங்க. பேரை அடிச்சிடுங்க."

நடுவர் வருத்தத்தோடு பெயரை அடித்தார். அடித்த கையோடு குனிந்து கிரிலுக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்து, "எங்கம்மா இருக்கு, தெரியவே இல்லையே?" என்று என்னைக் கேட்டார். அதற்குள் சங்கத்தில் பாதிப் பேர் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஆளாளுக்கு எட்டிப் பார்த்தார்கள். நான் எல்லாருக்கும் கடைக்கு வழி சொன்னேன்.

அக்கா இறங்கவில்லை. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அத்தான் பக்கத்தில் போனதும் கேட்டாள்.

"ஞாயித்துக்கெழமை எங்க போலாம்?"

அந்த வண்டியில் எங்கே போகலாம் என்று அவள் தானாகக் கேட்டு நானும் கேட்டதில்லை. அத்தானின் கண் கலங்கிப் போனது. பரிசு போனதற்காக என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு என் அத்தானைத் தெரியாது.

"நீ சொல்ற எடத்துக்கு" என்றார்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் அக்கா. "முதல்ல உள்ள வந்து உக்காருங்க. வெயில்ல நிக்காதீங்க."