ஒட்டகத்தை இறக்குவதா?

அந்தத் தெருவில் கண்ணாடிக்காரரின் பிக்கப் வண்டிக்கு ஒட்டகம் என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாக வைத்துவிட்டார்கள். மற்ற பிக்கப்புகளெல்லாம் இடுப்பு உயரத்தில் அடக்கமாக நிற்கும்போது இது மட்டும் நெஞ்சு உயரத்தில் நிற்கும். ஏறுவதற்கு ஒரு படி, அந்தப் படியில் ஏற இன்னொரு படி. பின் ஆக்சிலுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே உள்ளங்கை அகலத்துக்கு இரும்புக் கட்டை வைத்துத் தூக்கி, முன்பக்கத்தையும் அதற்கேற்ப உயர்த்தி, பெரிய வண்டிகளுக்குப் போடுகிற அகலச் சக்கரங்களை மாட்டியிருந்தார். மூக்கில் காவல் கம்பி, தலையில் விளக்கு வரிசை, போதாததற்குக் கப்பல் கிளம்புவதுபோல ஒரு ஹாரன். வண்டியின் வயதுக்கு இதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான். அதைச் சொல்லிவிட்டால் மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கோபத்தில் நியாயமும் இல்லாமல் இல்லை. வண்டி தாழ்வாக இருந்த காலத்தில் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குள் நுழைந்தாலே அடிவயிறு கல்லில் இடிக்கும், மேலே கண்ணாடி விரிசல் விடும். அப்படி ஒன்று உடைந்த நாளில் அவர் சாப்பிட மாட்டார், வீட்டில் மற்றவர்களும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. தூக்கிக் கட்டிய பிறகு ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவர் எத்தனையோ வாக்குவாதங்களில் ஜெயித்திருக்கிறார்.

இன்னொரு பெருமையும் உண்டு. ஒட்டகம் சத்தம் போடாது. கண்ணாடி இரும்பைத் தொடக் கூடாது, நடுவில் ரப்பர் இருக்க வேண்டும் என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. அவர் அதை வண்டி முழுக்கச் செய்துவைத்திருந்தார். கதவிடுக்கில், பின்தட்டின் கீலில், கண்ணாடி சாய்த்து வைக்கும் சட்டத்தில், அடியில் இருக்கும் கட்டைகளைச் சுற்றிக்கூட சைக்கிள் ட்யூப்பைக் கிழித்துச் சுற்றியிருந்தார். எங்கேயாவது 'டிக்' என்று கேட்டால் அது கண்ணாடியாக மட்டுமே இருக்க வேண்டும். லோடு ஏறிவிட்டால் வண்டிக்குள் யாரும் பேசக் கூடாது என்பதும் சட்டம். "திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்க, ஒரு நாள் விளக்குமாத்தால போட்டுடப் போறேன்" என்று மனைவி சொல்வாள்.

இப்போது முதுகெலும்பில் ஒரு தட்டு பிதுங்கி, எடை தூக்காதே, வண்டி ஓட்டாதே என்று டாக்டர் கையெழுத்துப் போடாத குறையாகச் சொல்லிவிட்டார். அப்படித்தான் ஒட்டகத்தின் சாவி மகள் கைக்கு வந்தது. அவள் நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் லோடோடு மேட்டுச் சாலையில் ஏறுவது அன்றைக்குத்தான் முதல் முறை.

அன்று காலையில் மச்சினன் பட்டறைச் சாமான்களோடு வந்து இறங்கினான். மனைவியின் தம்பி, மெக்கானிக். அக்காள் போன் போட்டிருக்கிறாள் என்பது அவள் கண்ணாடி வெட்டும் மேசையிலிருந்து தலையைத் தூக்காததிலேயே தெரிந்தது.

"மாமா, கட்டையை எடுத்துடுவோம். சக்கரத்தையும் மாத்திடுவோம். மத்தியானத்துக்குள்ள முடிச்சுத் தரேன்."

"லோடு ஏத்தியாச்சு."

"இறக்கிட்டு ஏத்திக்கலாம். வண்டி ஏற்கெனவே ஒசரம். அதுக்கு மேல சட்டம், அதுக்கு மேல கண்ணாடி. ஒரு திருப்பத்துல சாஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"இத்தனை வருஷம் சாஞ்சுதா? தூக்கிக் கட்டினதுல இருந்து ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கா, சொல்லு."

மச்சினன் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தான். "இது என்ன, கட்டையெல்லாம் ட்யூப்ல சுத்தி வெச்சிருக்கீங்க?"

"சத்தம் வராம இருக்க."

"பிரிங்க. உள்ள போல்ட் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"பிரிச்சா யாருடா திரும்பச் சுத்துறது? குனிஞ்சு நிமிரவே உயிர் போகுது எனக்கு."

மச்சினன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். முகம் இறுகிவிட்டது. "உங்க கண்ணாடி உடையறதும் உடையாததும் உங்க பாடு. ஓட்டப்போறது என் அக்கா பொண்ணு."

"எனக்கு மட்டும் அவ யாரு, பக்கத்து வீட்டுப் பொண்ணா?"

மேசையில் கண்ணாடி வெட்டும் கட்டர் நின்றுவிட்டது. மகள் இருவரையும் பார்த்துவிட்டு, "மாமா, அப்பாவும் கூட வராரு. மெதுவாப் போறேன். வந்ததும் கழட்டுறதா வேணாமான்னு உக்காந்து பேசுங்க" என்றாள். நல்ல பிள்ளை. இரண்டு பேர் மானத்தையும் ஒரே மூச்சில் காப்பாற்றிவிட்டதாக நினைத்தாள்.

அவர் இடதுபக்க சீட்டில் ஏறுவதற்குள் இரண்டு படிகளும் முதுகில் குத்தின. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஊரைத் தாண்டும்வரை ஒட்டகம் வெண்ணெயாக ஓடியது. அவர் கண்ணை மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேட்டுச் சாலை தொடங்கியதும் மகள் வாயைத் திறந்தாள்.

"அப்பா, பின்னாடி ஏதோ தனியா வர்ற மாதிரி இருக்கு."

அவர் விரலை உதட்டில் வைத்தார்.

அவள் கொஞ்ச தூரம் ஓட்டினாள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி பக்கவாட்டில் நழுவிச் சரியானது. அவள் விரல் முட்டிகள் வெளுத்திருந்ததை அவர் பார்க்கவில்லை, கண்ணைத்தான் மூடியிருந்தாரே.

"அப்பா, நிஜமா. யாரோ பின்பக்கத்தைப் பிடிச்சு இழுக்குறாங்க."

"ஒரு சத்தமும் இல்லையேம்மா. சத்தம் வந்தா எனக்குத் தெரியாதா? ரோடு அப்படி. நீ ஓட்டு."

அவள் அடுத்த வளைவில் திரும்பினாள். அப்போது சத்தம் வந்தது. அவர் இத்தனை வருஷமாகக் காத்திருந்த 'டிக்' இல்லை. இரும்பு முறிந்து இரும்பில் விழுகிற சத்தம். ஒட்டகத்தின் இடது பின்பக்கம் 'டமார்' என்று கீழே இறங்கியது. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் பின்னால் நழுவி, அவள் பிரேக்கை மிதித்ததில் நின்றது.

"ஹேண்ட் பிரேக்" என்றார். அவள் இழுத்தாள். அது பிடிப்பே இல்லாமல் மேலே வந்துவிட்டது. கியரில் போட்டுக் காலை லேசாக எடுத்துப் பார்த்தாள். அடியில் ஆக்சில் இன்னும் ஒரு முறை முறுக்கிக்கொண்டு நகர்ந்தது, வண்டி இன்னும் சாய்ந்தது. மறுபடி மிதித்தாள்.

"காலை எடுக்காத பாப்பா."

"எடுக்கலப்பா."

அவர் இறங்கி முன்பக்கமாகச் சுற்றி வந்தார். எப்படி இறங்கினார், முதுகு என்ன சொன்னது என்று கேட்டால் அவருக்கே தெரியாது. இடப்பக்கத்துச் சக்கரம் வண்டியின் அடியில் கோணலாக நின்றது. சாலையோர மண் அதன் கீழே பொலபொலவென்று உதிர்ந்தது. அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்கும் ஆழமான வாய்க்கால். கீழே வளைவில் பஸ் நிறுத்தம், நிற்கிற ஆட்கள்.

ஒரு கல்லைக் காலால் உருட்டி வலது பின் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். அந்தப் பெரிய சக்கரத்துக்கு அது கூழாங்கல். சக்கரம் அதை ஏறி மிதிக்கப் பார்த்தது. இதையும் நாம்தான் மாட்டினோம் என்று அவர் நெஞ்சு அவரையே சபித்தது.

"நீ குதிச்சிடு" என்று கத்தினார். "வண்டி எக்கேடோ கெட்டுப் போகட்டும்!"

"காலை எடுத்தா உருளும்ப்பா! ரெண்டு படி இறங்குறதுக்குள்ள..." அவள் குரல் உடைந்தது. "கீழ ஆளுங்க இருக்காங்க."

வாழ்க்கையில் அவர் அப்படிப் பயந்ததில்லை. வண்டியைப் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது என்ன என்று அண்ணாந்து பார்த்தார். சட்டத்தின் இடப்பக்கத்தில், இழுத்துக் கட்டியிருந்த பெல்ட்டை நெஞ்சால் முட்டிக்கொண்டு சரிந்து நின்றன அவருடைய கண்ணாடிகள். அத்தனையும் ஆள் உயரக் கண்ணாடிகள். மனைவி நேற்று முழுக்க நின்று வெட்டி, விளிம்பு தேய்த்து, துடைத்து வைத்தவை.

பெல்ட் சட்டத்தின் பின் தூணில் கட்டியிருந்தது. அதை அறுக்க வேண்டுமானால் வண்டியின் பின்னால் நிற்க வேண்டும். நின்றார். எப்போதும் இடுப்பில் இருக்கும் கத்தியை எடுத்தார்.

"அப்பா, அங்க நிக்காதீங்க! உருண்டுச்சுன்னா..."

"நீ மிதிச்சுக்கிட்டே இரு. உன்னை நம்பித்தான் நிக்கிறேன்."

முதல் பெல்ட் போனது. இரண்டாவதையும் அறுத்தார். ஒரு நிமிஷம் எதுவும் அசையவில்லை. பிறகு எல்லாக் கண்ணாடியும் ஒன்றாக வெளிப்பக்கம் சாய்ந்து, வானத்தை ஒரு தடவை காட்டிவிட்டு, வாய்க்காலுக்குள் விழுந்தது. சத்தம் மேட்டுக்கும் கீழே பஸ் நிறுத்தத்துக்கும் கேட்டது. அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒட்டகம் ஒரு பெருமூச்சு விட்டதுபோல் நிமிர்ந்தது.

அவர் உடைந்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு கல், அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று என்று உருட்டிக்கொண்டிருந்தார். கீழே இருந்து இரண்டு மூன்று பேர் ஓடிவந்து கைகொடுத்தார்கள். சக்கரத்துக்கு முட்டு நின்றது. அவள் காலை எடுத்தாள். வண்டி அசையவில்லை. அவள் இரண்டு படியும் இறங்கி, தரையைத் தொட்ட பிறகுதான் அழ ஆரம்பித்தாள். அவரும் அங்கேயே சாலையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை.

மச்சினன் வந்து வண்டிக்கு அடியில் படுத்தான். ட்யூப் சுற்றலை அறுத்துப் பிரித்தான். முறிந்த போல்ட்டையும், நசுங்கி அப்பளமாகிப் போன ஒரு ரப்பர் துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"மாமா, இது எங்க இருந்துச்சு தெரியுமா? கட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல."

"நான்தான் வெச்சேன். இரும்போட இரும்பு உரசக் கூடாதுன்னு."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "அது கண்ணாடிக்கு மாமா. இது ஒண்ணோட ஒண்ணு இறுகிப் பிடிச்சு நிக்கணும். ரப்பர் அமுங்க அமுங்க போல்ட் தளர்ந்துபோச்சு. தளர்ந்த போல்ட் தட்டியிருக்கும். நாள் கணக்கா தட்டியிருக்கும். அதுவும் கேக்கக் கூடாதுன்னு மேல ட்யூப்பைச் சுத்திட்டீங்க."

கண்ணாடிக்காரர் அந்த ரப்பரைக் கையில் வாங்கினார். அவர் கத்தியால் அவரே வெட்டிய துண்டு. ஓரம்கூட நேராக இருந்தது.

பட்டறையில் ஒட்டகத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். கட்டையை எடுத்தால் பழையபடி கண்ணாடி உடையும், அதையும் யோசித்துச் சொல்லுங்கள் என்று மச்சினன் நேர்மையாகவே கேட்டான். வேண்டுமானால் ரப்பர் இல்லாமல், புது போல்ட் போட்டு, அதே உயரத்தில் இறுக்கித் தரவும் முடியுமாம். ஆனால் சாயாது என்று சத்தியம் பண்ண முடியாதாம்.

"எல்லாத்தையும் கழட்டு" என்றார்.

"சக்கரம்?"

"கழட்டு."

"முன்னாடி கம்பி, விளக்கு..."

"அதான் எல்லாத்தையும்னு சொல்றேன்ல."

"அந்தக் கப்பலையும் சேத்துக் கழட்டச் சொல்லுங்க" என்றாள் மனைவி. இந்த விஷயத்தில் அன்றைக்குத்தான் அவள் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"ஹாரன் இருக்கட்டும்மா, எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மகள். ஆக, ஹாரன் மட்டும் தப்பித்தது. ட்யூப் சுற்றல்களை அவரே ஒவ்வொன்றாக அறுத்தெடுத்தார். கதவிடுக்கில் இருந்ததைக்கூட விடவில்லை. சட்டத்தில் கண்ணாடி உட்காரும் இடத்தில் மட்டும் ரப்பர் மிஞ்சியது.

இறக்கிய வண்டியில் மகள் லோடோடு கிளம்பிப் போன அன்று அவர் கடைவாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். போகும்போதே வண்டி தகரக் கடை இடம் மாறுவதுபோல் சத்தம் போட்டுக்கொண்டு போனது. ஒரு காலத்தில் அந்தச் சத்தத்துக்கு அவர் பல்லைக் கடித்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு அப்புறம் என்றார். பேப்பரை விரித்து ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் தெருமுனைக்கும் அப்பால், கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே, கடகடவென்று கேட்டது. தட்டு ஆடுகிறது, கதவு ஆடுகிறது, போல்ட் எதுவும் தட்டவில்லை. ஒவ்வொன்றாகக் காதில் பிரித்துக் கேட்டார். அதுவரை பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டார்.

மகள் ஒரே எட்டில் இறங்கினாள். ஆனால் பக்கத்தில் வரத் தயங்கினாள்.

"அப்பா... கேட்டுக்குள்ள நுழையறப்போ அடியில கல்லு இடிச்சிடுச்சு. ஒரு கண்ணாடி போச்சு."

மேசைக்குப் பின்னால் மனைவி அப்படியே நின்றாள். இன்றைக்கு யாருக்கும் சோறு இறங்காது என்று, இத்தனை வருஷத்துப் பழக்கத்தில் அவள் கை தானாக அடுப்படிக் கதவைச் சாத்தப் போனது.

அவர் மகளைத் தலை முதல் கால்வரை பார்த்தார். பிறகு நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்து மனைவியிடம் திரும்பினார்.

"பசிக்குது, சோத்தை எடுத்து வை. சாப்பிட்டு வந்து இன்னொண்ணு வெட்டிக்கலாம்."