நெஞ்சில் ஊறிய நீர்

அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நனைந்த விரிப்பை அவருக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மகள் ஒரு கையால் அவர் இடுப்பைத் தாங்கியபடி, மறு கையால் கைபேசியை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவே செருகிக்கொண்டாள். ஆய்வகத்திலிருந்து, கூட வேலை பார்க்கும் பென்சில் பேசினாள். ஒல்லியான உடம்பைப் பார்த்து யாரோ வைத்த பட்டப்பெயர் அது. இப்போது அப்படிக் கூப்பிட்டால்தான் அவளே திரும்பிப் பார்க்கிறாள். எப்போதும் மூச்சுவிடாமல் பேசுகிறவள் இன்று ஒரு வரிதான் சொன்னாள்.

“அது அப்பாவோடது இல்லடி.”

எது என்று மகள் கேட்கவில்லை. புது விரிப்பை விரித்து, அப்பாவை மெல்லத் திருப்பிப் படுக்கவைத்து, மூக்கில் நழுவியிருந்த ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துவிட்டுத்தான் பால்கனிக்கு வந்தாள். அதற்குள் பென்சில் அந்தப் பக்கம் அழ ஆரம்பித்திருந்தாள்.

அப்பா இளம் வயதிலிருந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அந்தத் தூசு நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் போய் உட்கார்ந்துகொண்டு, பல வருடங்கள் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, பிறகு ஒருநாள் புற்றுநோயாகத் தலைகாட்டும். அவருக்கும் அப்படித்தான் ஆனது. மகள் வேலை பார்ப்பதோ தூசும் புகையும் மனித செல்களை என்ன செய்கின்றன என்று பார்க்கும் ஆய்வகத்தில். அப்பாவுக்கு நோய் வந்ததால் அவள் அந்த வேலைக்குப் போகவில்லை. அவள் அந்த வேலையில் சேர்ந்து நிலைத்த பிறகுதான் அப்பாவுக்கு வந்தது. ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவளை, காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை எழுதத் துப்பில்லாத டாக்டர் என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

நோய் முற்றியபோது அவர் நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. அடுத்த தெருவில் குடியிருக்கும் நெஞ்சு டாக்டர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் வந்து, முதுகில் ஊசி குத்தி அதை எடுத்துவிட்டுப் போவார். எடுத்ததைச் சாக்கடையில் கொட்டுவார்கள். அந்த நீரில்தான் அப்பாவின் நோய்ச் செல்கள் உயிரோடு மிதக்கின்றன என்பது மகளுக்குத் தெரியும். போன வருடம் முதல்முறை எடுத்தபோதே, ஆய்வகத்தில் வளர்த்து மருந்துகளைப் பரிசோதிக்கத் தனக்கு ஒரு ஜாடி வேண்டும் என்று கேட்டாள். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இதனால் உங்கம்மாவுக்கு ஏதாவது பிரயோஜனம் ஆகுமா?

அதற்குக் காரணம் இருந்தது. பட்டறையிலிருந்து வந்த சட்டைகளைத் தினமும் உதறித் துவைத்தவள் அம்மா. உதறும்போது வெள்ளையாகத் தூசு பறக்கும். முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு முறை இருமுவாள். அந்தக் காலத்தில் தெரிந்த பாதுகாப்பு அவ்வளவுதான். அப்பாவுக்கு நோய் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லோரையும் படம் எடுத்துப் பார்த்தார்கள். அண்ணனுக்கும் மகளுக்கும் ஒன்றுமில்லை. அம்மாவின் நுரையீரல் உறையில் ஓர் இடம் தடித்திருந்தது. இது நோய் இல்லை, ஆனால் கண் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா தனக்கு ஒன்றுமில்லை என்றுதான் இன்றும் சொல்கிறாள், படியேறும்போது மட்டும் நடுவில் நின்று யாருடனாவது பேச்சுக் கொடுக்கிறாள்.

ஆகலாம்ப்பா, ஆனா உறுதியா சொல்ல முடியாது என்றாள் மகள். அந்தத் தொழிலில் யாரும் அதைவிட நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. அப்பாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. பட்டறையில் கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப் பேர் ஊசி என்றாலே ஓடினார்கள். அப்பா மட்டும் முதுகைக் காட்டினார்.

செல்கள் வளர்ந்தன. முதலில் சோம்பேறித்தனமாக, பிறகு அமோகமாக. தினமும் மகள் வேலைக்குக் கிளம்பும்போது, ஆய்வகத்துச் சின்ன வீட்டைக் கேட்டதாகச் சொல்லு என்பார் அப்பா. இந்த வயதில் இவருக்குச் சின்ன வீடு ஒரு கேடா என்று அம்மா அடுக்களையிலிருந்து பதில் கொடுப்பாள். வளர்கிறதே, இனி எதற்கு என்று அடுத்தடுத்து எடுத்த நீரையெல்லாம் பழையபடி சாக்கடைக்கே விட்டுவிட்டார்கள்.

இப்போது பென்சில் சொன்னது இதுதான். மருந்துகளைப் பரிசோதிக்கத் தொடங்கும் முன், வளர்ந்த செல்களையும் அப்பாவின் ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். ஒத்துப்போகவில்லை. வளர்ந்திருப்பது ஆய்வகத்திலேயே காலங்காலமாக இருக்கும் பழைய ரகம். என்றோ இறந்துபோன ஒரு பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்தது, எங்கே விழுந்தாலும் களை மாதிரி மண்டிவிடும். மகள் முதல் மாதம் விடுப்பு எடுத்து அப்பாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இரண்டு ரகத்துக்கும் சத்து நீர் ஊற்றிச் சாப்பாடு போட்டது பென்சில்தான். ஒரு ரகத்துக்கு ஒரு புட்டி என்பது அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம். அவசரத்தில் ஒரே புட்டியிலிருந்து இரண்டுக்கும் ஊற்றியிருக்கிறாள். ஒரு சொட்டு போதும். வந்தவள் வீட்டுக்காரரை வெளியே தள்ளிவிட்டு மொத்தத்தையும் பிடித்துக்கொண்டாள்.

“ஆரம்பத்துல உறையவச்ச செல்லையும் எடுத்துப் பாத்துட்டேன்,” என்றாள் பென்சில். “அதுவும் அவதான்.”

மகளுக்குக் கோபம் வந்தது. திட்ட வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் அந்த மாதம் தினமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுவந்ததும் இவள்தான். அழாதே, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

லாரி ஓட்டும் அண்ணன் கீழே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம்தான் முதலில் சொன்னாள். அவன் துணியைப் பிழிந்து கம்பியில் போட்டுவிட்டு, அப்பாவிடம் மூச்சுவிடக் கூடாது என்றான். இருக்கிற கொஞ்ச நேரமும் மனுஷன் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்கும் அதுதான் சரி என்று பட்டது.

மேலே வந்தபோது அப்பா விழித்திருந்தார்.

“டாக்டரம்மா, சின்ன வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

நல்லா இருக்காங்கப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அது வரவில்லை.

“அது உங்களோடது இல்லப்பா. லேபுல கலந்துபோச்சு. உங்களோடது ஒண்ணுகூட மிஞ்சல. வளந்ததெல்லாம் வேற ஒருத்தங்களோடது.”

அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு வாக்கியத்துக்கு அவருக்கு இரண்டு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

“ஒரு வருஷமா... யாரு பிள்ளைக்கோ சோறு போட்டிருக்கே.”

“ஆமாப்பா.”

“யாரோடது?”

“எப்பவோ இறந்துபோன ஒரு அம்மாவோடது.”

“பொம்பளையா?” அப்பாவின் கண்கள் அவள் பக்கம் திரும்பின. “சின்ன வீட்டுலயே... வேற பொம்பளை பூந்துட்டாளா?” சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மூச்சு திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. “உங்கம்மாகிட்ட சொல்லிடாதே.”

மகள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள்.

“சரி, மறுபடி எடுத்துக்கோ,” என்றார்.

இனி ஊசி குத்தினால் உடம்பு தாங்காது என்று டாக்டர் போன வாரமே சொல்லியிருந்தார். அதை அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“இப்ப வேணாம். அப்புறமா எடு. அப்ப எனக்கு வலிக்காதுல்ல.”

அவர் தகட்டுக்கு அளவு சொல்வதுபோல்தான் அதைச் சொன்னார். மகளுக்கு அழுகை வந்தது; அடக்காமல் அழுதாள். அப்பா கையை நீட்ட முயன்று, பாதியில் விட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.

மதியத்துக்கு மேல் போய்விட்டார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவர் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். வலது கையை முடித்து இடது கையை எடுத்தபோது கை வேறு மாதிரி கனத்தது என்று பிறகு சொன்னாள். ஆக்சிஜன் இயந்திரம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் போய் நிறுத்தியதும்தான், இத்தனை நாளும் அது போட்ட சத்தம் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சித்தப்பா குடும்பம் வந்தது. பட்டறைக்காரர்கள் சிலர் வந்து சுவரோரமாக நின்றார்கள். கூடத்தில் நாற்காலி போதாமல் மேல்மாடி வீட்டிலிருந்து இரவல் வாங்கினார்கள். உடம்பைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிடலாமே என்று சித்தப்பா அவசரப்படுத்தினார். டாக்டர் வந்து பார்க்கட்டும் என்று மகள் சொல்லி வைத்தாள். பென்சிலுக்குத் தகவல் சொன்னபோதே ஜாடி கொண்டுவரச் சொல்லியிருந்தாள். அவள் வந்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, உள்ளே வர முகமில்லாமல் வாசலிலேயே நின்றாள். உடம்பு போய்விட்ட செய்தி நெஞ்சு நீரில் மிதக்கும் செல்களுக்கு உடனே போய்ச் சேராது. சில மணி நேரம் அவை பாட்டுக்கு உயிரோடு இருக்கும். அதற்குள் எடுத்தால் உண்டு, விட்டால் அப்பாவின் செல் இனி இந்த உலகத்தில் கிடையாது.

டாக்டர் வந்தார். நாடி பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மகள் கதவைச் சாத்திவிட்டு விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வீட்டார் எல்லோரும் சம்மதித்தால் எடுத்துத் தருகிறேன், ஒருவர் வேண்டாம் என்றாலும் தொடமாட்டேன் என்றார்.

“வேணாம்,” என்றான் அண்ணன்.

ஒவ்வொரு முறை ஊசி குத்தும்போதும் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டவன் அவன். மகள் ஜாடியைப் பார்த்தாள் என்றால், அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்தவன்.

“குத்திக் குத்தி முதுகே சல்லடையாயிடுச்சு. உங்க கவனக்குறைவுக்கு அவரு செத்தும் குத்து வாங்கணுமா?”

“அப்பா எடுக்கச் சொன்னாருண்ணா.”

“யாருகிட்ட சொன்னாரு?”

“எங்கிட்ட. காலையில.”

“சொல்ல வேணாம்னு சொன்னேன்ல?” அவன் குரல் உடைந்தது. “அத அவருகிட்டயே போய்ச் சொன்னியா?”

யாருக்காக எடுக்கச் சொன்னார் என்பதை அம்மாவை வைத்துக்கொண்டு சொல்ல அவளுக்கு நா எழவில்லை. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார். வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

அதுவரை வெட்டாமல் விட்ட இடது கை நகங்களையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

“வேற என்ன சொன்னாரு?”

மகள் தயங்கினாள். பிறகு முழுவதையும் சொன்னாள். “சின்ன வீட்டுலயே வேற பொம்பளை பூந்துட்டாளான்னு கேட்டாரு. உன்கிட்ட சொல்லிடாதேன்னாரு. இப்ப வேணாம், அப்புறமா எடு, அப்ப வலிக்காதுன்னாரு.”

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எப்போது அது அழுகையானது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் அழுதது அப்போதுதான்.

“அவரு பேச்சுதான்டா இது,” என்றாள் மகனிடம். “இவளுக்கு இப்படியெல்லாம் பேச வராது.”

அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான். அப்புறம் கட்டிலின் அந்தப் பக்கம் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றான்.

அம்மா எழுந்து கதவைப் பாதி திறந்து, அவருக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது, முடிந்ததும் கூடத்துக்குக் கொண்டுவருவார்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பாவுக்குப் புரியவில்லை, ஆனாலும் தலையாட்டினார். வாசலில் நின்ற பென்சிலை, நீ என்ன அங்கேயே நிற்கிறாய் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தாள். பென்சில் பையிலிருந்து ஒரு ஜாடியை எடுத்தாள். புதியது, மூடி திறக்காதது. அதில் இன்னும் எந்தப் பெயரும் ஒட்டவில்லை.

படுக்கவைத்தே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். உட்காரவைத்தால்தான் நீர் நன்றாக இறங்கும் என்பதை இத்தனை மாதத்தில் அம்மாவும் கற்றுக்கொண்டிருந்தாள். வழக்கமாக எடுப்பதுபோலவே எடுங்கள் என்றாள். அண்ணனும் மகளும் அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். அம்மா கட்டிலில் அவருக்கு எதிரே ஏறி உட்கார்ந்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் முதுகுச் சட்டையை மேலே தூக்கிப் பிடித்தாள்.

முதுகில் பழைய ஊசித் தழும்புகள் இருந்தன. டாக்டர் விலா எலும்புகளை விரலால் தடவி, இரண்டு எலும்புக்கு நடுவே இடம் கண்டுபிடித்து, பஞ்சால் துடைத்தார். துடைக்க வேண்டிய அவசியம் இல்லைதான். மகள் ஜாடியின் மூடியைத் திறந்தாள். வேறு எதையும் தொடாமல் கையை நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டாள்.

டாக்டர் ஊசியை வைத்தார். வருடக்கணக்கான பழக்கத்தில், அப்பாவின் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

“மூச்ச கொஞ்சம் பிடிச்சுக்கங்க.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கை அப்படியே நின்றது.

அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.