சீதன வளவு

டிப்பர் லொறி பின்பக்கமாக வளவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே, முழங்கால் தண்ணீரில், சதுப்பில் வேர்விட்ட கண்ணாமரங்களை முதுகுக்குப் பின்னால் விட்டுச் சுலோஜனா நின்றாள். கம்பஸில் பாடம் எடுக்க உடுத்த சேலை தொடைவரை நனைந்துவிட்டது. நனையட்டும்.

"மகள், கரைக்கு ஏறு. ஊர் பார்க்குது" என்றார் அப்பா வினாயகமூர்த்தி.

"பார்க்கட்டும்."

ஆரையம்பதியில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்குத்தான். அம்மா வழியில் வந்த இந்த வாவிக்கரை வளவைப் போன மாதம் சீதனமாகச் சுலோஜனாவின் பெயருக்கே உறுதி எழுதி முடித்தாயிற்று. வீடு எழும்பட்டும், பிறகு தாலி என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். பாதி வளவு தண்ணீருக்குள். கிரவல் மண் போட்டு மூடாமல் அத்திவாரம் வெட்ட முடியாது. கேட்டால் மறுப்பாள் என்று தெரிந்து, அவள் கம்பஸுக்குப் போகிற நாளாகப் பார்த்து அப்பா டிப்பரைக் கூப்பிட்டிருந்தார். கெட்டிக்காரர்தான். ஆனால் டிரைவர் சந்தியில் அவளையே மறித்து வழி கேட்டுத் தொலைத்தான். காட்டுகிறேன் என்று அவளும் ஏறி வந்துவிட்டாள்.

அவளுடைய உத்தியோகமே இந்த வாவியை ஆராய்வதுதான். மீனும் இறாலும் குஞ்சுப் பருவத்தில் ஒதுங்குவது கண்ணா வேருக்குள், கரையை மூடாதீர்கள் என்று வாழைச்சேனை வரைக்கும் போய்த் தொண்டை கிழியக் கத்துகிறவள். எத்தனை ஏழைகளின் வாசலில் நின்று அளந்து, கரையை மூடியது பிழை என்று அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். தன் வீடென்று வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டால், எந்த முகத்தோடு அந்த வாசல்களில் கால் வைப்பது? நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது.

"வீடில்லாம உன்ன ஆரு கட்டுவான்?" அப்பாவின் குரல் உடைந்தது. "வயசு முப்பத்தாறு, மறந்திட்டியா?"

"மறக்கல்ல. இருங்க, கட்டுறவரிட்டயே கேட்பம்."

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து மாப்பிள்ளை ஜெயரூபனை அழைத்தாள். அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"இந்த வளவ மூட விடமாட்டன். இதில வீடு வராது. எனக்குச் சம்பளம் இரிக்கி, வாடகைக்கு இருக்கலாம். உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?"



"அம்மாட்டக் கேட்டுச் சொல்றன்" என்றார் அவர்.

அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். நெஞ்சும் வலித்தது. அவரை அவளுக்குப் பிடித்திருந்தது.

"கேளுங்க. ஆறுதலாக் கேளுங்க. நான் இஞ்சதான் நிக்கிறன்."

டிரைவர் பெட்டியைப் பாதி உயர்த்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "ஐயா, கொட்டவா?"

அப்பா மகளைப் பார்த்தார். டிரைவர் தானாகவே இஞ்சினை நிறுத்தினான். பாதி உயர்ந்திருந்த பெட்டியிலிருந்து கொஞ்சம் கற்கள் உருண்டு அவள் முன்னால் விழுந்தன. தண்ணீர் கலங்கியது. சுலோஜனா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குனிந்து, கலங்கலுக்குள் கைவிட்டுத் தடவி, அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கரைக்கு எறியத் தொடங்கினாள்.