ஜன்னலை மறைத்த ஷோகேஸ்

விராலிமலையில் அடைக்கலத்தின் வீட்டைப் பார்க்க மூன்று பெண் வீட்டார் வந்தார்கள். மூன்று வீட்டாரும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள்.

மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறவர்கள், மனசுக்குப் பிடித்திருந்தால்தான் அங்கே கை நனைப்பார்கள். அதாவது, இலை போட்டு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "இன்னொரு நாளைக்குப் பார்க்கலாம்" என்று செருப்பைத் தேடுவார்கள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

"மூணு தடவ வடை பாயசத்தோட சமைச்சு, மூணு தடவையும் நாமளே தின்னோம்" என்றாள் இருளாயி. "இனிமே யாரு வந்தாலும் நான் அடுப்பு பத்த வைக்க மாட்டேன். காப்பித்தண்ணி போட்டுக் குடுக்குறேன், குடிச்சா குடிக்கட்டும்."

மாமியார் இப்படிச் சொன்னதும் மூத்த மருமகள் ரஞ்சிதாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் எதிரே கொழுந்தன் பிரசாந்தின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். முதல் மூன்றும் தரகர் கொண்டுவந்த சம்பந்தங்கள். போனது போகட்டும் என்று அவனும் உதறிவிட்டுப் போய்விட்டான். இது அப்படி இல்லை. அவனோடு ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கும் அமுதவல்லியின் வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். அவளுடைய அப்பா ஆவுடையப்பன் நார்த்தாமலைப் பக்கம் கடலை விவசாயி. "ஒரு தடவ போயி வீட்டைப் பாக்குறேன். மனசு ஒட்டுச்சுன்னா கை நனைக்கிறேன். இல்லைன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

"அண்ணி, ஏதாச்சும் பண்ணுங்க" என்றான் பிரசாந்த்.

ரஞ்சிதா திருச்சியில் வீட்டு உள்ளலங்காரம் படித்தவள். புதுக்கோட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கை அவள் மாற்றியமைத்த பிறகு, பயந்துகொண்டு வந்த பிள்ளைகள் அங்கேயே தூங்கிப்போகிறார்கள் என்று அந்த டாக்டர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சொந்த வீட்டு ஹாலில் அவள் ஒரு ஆணியைக்கூட அடித்ததில்லை. அது மாமனாரின் ராஜ்ஜியம்.

அடைக்கலத்துக்கு நெடுஞ்சாலையில் எலக்ட்ரிக்கல் கடை. கடைக்குப் புதிதாக என்ன விளக்கு வந்தாலும் முதலில் ஹாலில் ஒன்று ஏறும். கூரையைச் சுற்றி நீலப் பட்டை, நடுவில் கண்ணாடிக் குலை விளக்கு, நாலு சுவரிலும் வெள்ளை வெளேரென்ற விளக்குகள். அதன் கீழே, வாங்கிய அன்று போட்ட பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத சோபாக்கள் சுவரோரமாக எதிரும் புதிருமாகக் கிடந்தன. வந்தவர்கள் ஒரு பக்கம், வீட்டுக்காரர்கள் மறுபக்கம். உட்கார்ந்தால் உறை முனகும். யாரும் அசைய மாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு வருடம் முன்பு ரஞ்சிதாவின் வீட்டார் வந்தபோதும் இதே கதைதான். "ஆபரேசன் தியேட்டர்ல உக்காந்த மாதிரி இருந்துச்சு ஆத்தா" என்று அவள் அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். கிளம்புகிற நேரத்தில் சித்தப்பாவுக்குச் சர்க்கரை இறங்கித் தலைசுற்ற, அவசரமாகப் பாயசம் கொடுத்தார்கள். ஒருவர் கை நனைத்துவிட்டார், இனி என்ன செய்வது என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். அப்படித்தான் ரஞ்சிதா இந்த வீட்டுக்கு மருமகளானாள்.

அன்று சாயங்காலம் கடையிலிருந்து வந்த மாமனாரிடம் அவள் நேராகப் போய் நின்றாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம வரைக்கும் ஹாலை எங்கிட்ட குடுங்க."

"குடுத்தா?"

"அவுங்க கை நனைச்சுட்டுத்தான் போவாங்க."

"அம்புட்டு உறுதியாச் சொல்ற?"

"ஆமா மாமா. அத்தை, நீங்க பாயசத்துக்கு ஜவ்வரிசி வாங்கி வைங்க."

அடைக்கலம் மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். பிரசாந்தையும் பார்த்தார். "செய்யி. ஆனா லைட்டைக் கழட்டக் கூடாது" என்றார்.

"கழட்டல. அணைச்சு வைக்கிறேன்."

அன்றைக்கே அமுதவல்லிக்கு போன் போட்டாள். சோபா நிறம் என்ன வேண்டும், திரைச்சீலை எப்படி வேண்டும் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"ஒங்க அப்பா வீட்டுல எப்புடி உக்காருவார்?"

மறுமுனையில் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "கை வச்ச நாற்காலிலதான் அக்கா. முட்டி வலி, தாழ்வா இருந்தா எந்திரிக்க முடியாது. போன மாசம் கண்ணு ஆபரேசன் வேற, வெளிச்சம் பட்டா கூசும். அப்புறம் ஒண்ணு, அவர் கெளம்பறதுன்னு முடிவு பண்ணிட்டா வண்டிச் சாவியைக் கையில எடுத்துருவார். சாவி கைக்கு வந்துருச்சுன்னா யாரு சொன்னாலும் உக்கார மாட்டார்."

வேலை தொடங்கியது. முதலில் சோபாவின் பிளாஸ்டிக் உறை போனது. "அழுக்காயிருமே!" என்று இருளாயி நெஞ்சில் கை வைத்தாள். "உக்காரத்தானே அத்தை வாங்குனோம்" என்றாள் ரஞ்சிதா. சோபாக்களைச் சுவரிலிருந்து பிரித்து ஒன்றுக்கொன்று சாய்வாகப் போட்டாள். யார் எந்த வீட்டார் என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி கலந்து உட்கார வேண்டும் என்பது அவள் கணக்கு. உள்ளறையிலிருந்து கை வைத்த உயரமான தேக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, முதுகுக்கு ஒரு கைத்தறித் தலையணை வைத்தாள். பளபளத்த ஊதாச் சுவர்களுக்குத் தயிர் நிறத்தில் பெயின்ட் ஏறியது. கடையில் யாரும் வாங்காமல் தூசி படிந்திருந்த மஞ்சள் பல்புகளைக் கொண்டுவந்து இரண்டு மூலைகளில் மட்டும் போட்டாள்.

கடைசியாகக் கைவைத்தது, சுவரையே அடைத்துக்கொண்டு நின்ற கண்ணாடி ஷோகேஸில். அவளும் கணவன் அரவிந்த்குமாரும் சேர்ந்து அதைத் தள்ளியபோது, பின்னால் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. வெளியே வேப்பமரம், அதற்கப்பால் மலைக்கோவில்.

"இம்புட்டு அழகை எதுக்குங்க மூடி வச்சீங்க?"

"மயிலு" என்றான் அரவிந்த்குமார். "தெறந்து வச்சா உள்ள வந்து சோபாவுல ஏறி நிக்கும். அதான் அப்பா அடைச்சுட்டார்."

"வலை அடிச்சுருவோம். வந்தவுங்களுக்குக் கண்ணை வைக்க ஒரு எடம் வேணுங்க. எம்புட்டு நேரம்தான் மாப்பிள்ளை மூஞ்சியவே பாப்பாங்க?"

"எங்க மூஞ்சிய நீ ரெண்டு வருசமாப் பாக்கலையா?"

"நானும் ஜன்னலைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். அவன் பெயின்ட் விரலால் அவள் மூக்கில் ஒரு பொட்டு வைத்துவிட்டு ஓடினான்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டி வந்து நின்றபோது ரஞ்சிதா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் செம்போடு ஹாலுக்கு வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிந்தது. நீலப் பட்டை, கண்ணாடிக் குலை, நாலு சுவரும். ஜன்னலில் திரை இழுத்து மூடியிருந்தது. வந்தவர்கள் இருட்டு வீடு என்று நினைத்துவிடுவார்களோ என்று கடைசி நேரத்தில் அடைக்கலத்துக்கு மனசு பொறுக்கவில்லை. எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டு, பெருமையாக நின்றுகொண்டிருந்தார். தேக்கு நாற்காலியில் ஆவுடையப்பன் நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி புடவைத் தலைப்பைத் திருகினாள்.

ஆவுடையப்பனின் இன்னொரு கை சட்டைப்பைக்குள் போனது. சாவி வெளியே வந்தது.

பிரசாந்த் அண்ணியைப் பார்த்தான்.

வந்தவர்கள் முன்னால் மாமனார் போட்ட விளக்கை மருமகள் அணைப்பதா? அணைத்தால் அவருக்கு மரியாதைக் குறைவு. அணைக்காவிட்டால் அந்த மனிதர் எழுந்துவிடுவார். ரஞ்சிதா செம்பை மேசையில் வைத்தாள். நேராக சுவிட்ச் பலகைக்குப் போனாள்.

"எங்க மாமா கடைக்காரர்ங்க" என்றாள், ஊரையே கூப்பிட்டுச் சொல்வது போல் கலகலப்பாக. "வீட்டுக்கு யாரு வந்தாலும் மொதல்ல எல்லா மாடலையும் காமிச்சுருவார். பாத்தாச்சுங்களா? பிடிச்சதைக் கடைல வந்து வாங்கிக்கங்க. இப்ப நம்ம பேசலாம்."

ஒவ்வொன்றாக அணைத்தாள். திரையை ஒதுக்கினாள். வேப்பமரத்து நிழலும் மெல்லிய காற்றும் உள்ளே வந்தன.

முதலில் சிரித்தது ஆவுடையப்பனின் மனைவிதான். "நல்ல யாவாரிதான்!" என்றாள். அடைக்கலத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "மருமகளை விட்டா கடையவே வித்துரும்" என்றபடி சோபாவில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் நெற்றியிலிருந்து கையை எடுத்தார். கண் ஜன்னலுக்குப் போனது. வேப்பமரத்தடியில் இரண்டு மயில்கள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

"இங்கிட்டும் இதுகதானா?" என்றார். அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"அதை ஏன் கேக்குறீங்க! கொல்லையில ஒரு கத்திரிச் செடி விடாது" என்றார் அடைக்கலம்.

"நீங்க கத்திரிச் செடிக்கே இப்புடிச் சொல்றீங்க. வெதைச்ச கடலை மொளைக்கிறதுக்கு முன்னாடியே தோண்டித் தின்னுருதுங்க. முருகன் வாகனமாச்சே, கல்லெடுத்து எறியவும் மனசு வரல."

"அது தெரிஞ்சுதான் அதுகளுக்கு இம்புட்டுத் திமிரு!"

பேச்சு மயிலில் தொடங்கி, மழை பொய்த்ததில் நுழைந்து, கடலை விலையைச் சுற்றிக்கொண்டு, பிரசாந்த் சின்ன வயசில் மயிலுக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்த கதையில் வந்து நின்றது. பிரசாந்த் நெளிந்தான். ஆவுடையப்பன் தலையணையில் நன்றாகச் சாய்ந்து வாய்விட்டுச் சிரித்தார். இருளாயியும் அவர் மனைவியும் எப்போது ஒரே சோபாவுக்கு வந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாவி மேசையில், தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

ரஞ்சிதா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்ற அரவிந்த்குமார் கிசுகிசுத்தான். "ஒங்க சித்தப்பாவை வரச் சொல்லவா? யாருக்காச்சும் சர்க்கரை எறங்கணுமே."

"தேவைப்படாது. நீங்க போயி எலையை அறுத்துட்டு வாங்க."

"அவர் இன்னும் ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்வார்."

நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஆவுடையப்பன் சிரமமில்லாமல் எழுந்தார். மேசையிலிருந்த சாவியை ஒரு பார்வை பார்த்தார். அதை அங்கேயே விட்டுவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, கை கழுவ எங்கிட்டு வரணும்?"

"இங்கிட்டு வாங்க, சித்தப்பா" என்றாள் ரஞ்சிதா. உறவு முறை தானாக வாயில் வந்தது.

கொல்லைப்பக்கம் அரவிந்த்குமார் வாழை இலை அறுக்கும் சத்தம் கேட்டது. இருளாயி பாயசச் சட்டியை இறக்க ஓடினாள். அமுதவல்லிக்குச் சொல்ல பிரசாந்த் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் பாய்ந்தான், மயில்கள் இரண்டும் அலறியடித்துச் சுவரேறின.