படகு ஆல்பத்தின் இரண்டு பதிப்புகள்

எனக்கு இசை பிடிக்காது என்று எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு உண்டு. யார் எப்போது கொடுத்தார்கள் என்று ஞாபகமில்லை. அந்தத் தீர்ப்பின்படிதான் ஞாயிற்றுக்கிழமைகளில் திரைக்குப் பின்னால் உட்காரும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

திரை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. டெல்லி ஜனக்புரியில் அரசாங்கம் கட்டிய எங்கள் டிடிஏ பிளாட்டின் ஹாலில் சுவருக்குச் சுவர் ஒரு நைலான் கயிறு, அதில் கிளிப் போட்டு மாட்டிய பழைய டபுள் பெட்ஷீட். இந்தப் பக்கம் சிடி பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் நானும். அந்தப் பக்கம் இரண்டு ஸ்பீக்கர்கள், மூன்று நாற்காலிகள், மூன்று ஆண்கள். நடு நாற்காலி என் கணவர் வைத்தியுடையது. அமைச்சகம் ஒன்றில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இடது பக்கம் சுந்தரேஷ், பாங்கில் இருந்தவர், துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வருவார். வலது பக்கம் ஆல்பர்ட், நாகர்கோவில்காரர், ஏர்ஃபோர்ஸை விட்ட பிறகும் டெல்லியை விடாதவர். மூவருக்கும் கல்லூரியில் பிடித்த பைத்தியம் ஒன்றுதான், எழுபதுகளின் இங்கிலீஷ் ராக் பாட்டு. முடி நரைத்தது, ஒருவருக்குக் கொட்டியே போனது. பைத்தியம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்தப் பாட்டுகளை வெளியிட்ட கம்பெனிகளும் சும்மா இருப்பதில்லை. சில வருஷத்துக்கு ஒரு முறை பழைய டேப்பை எடுத்துத் தூசி தட்டி, ஒலியைத் திருத்தி, ரீமாஸ்டர் என்று பேர் வைத்து, புது அட்டையில் மறுபடி விற்பார்கள். இவர்கள் மறுபடி வாங்குவார்கள். வாங்கிவிட்டு, பழையது தேவலையா புதியது தேவலையா என்று சண்டை போடுவார்கள். அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டால் காது அட்டை சொல்வதைத்தான் கேட்கும் என்பது வைத்தியின் கட்சி. அதற்குத்தான் பெட்ஷீட். எது ஓடுகிறது என்று கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது.

சத்தத்திலும் ஏமாற்று வேலை உண்டாம். புதிய சிடிக்கள் ஓங்கி ஒலிக்கும், ஓங்கி ஒலிப்பது யாருக்கும் நல்லதாகவே படும். அதனால் ஒவ்வொரு சிடிக்கும் வால்யூம் திருகு எங்கே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே அளந்து புள்ளி வைத்திருப்பார் வைத்தி. பழையதற்குச் சிவப்பு, புதியதற்கு பிங்க். இரண்டும் என்னைக் கேட்காமல் எடுத்த என் நெயில் பாலிஷ். திரைக்குப் பின்னால் இருப்பவர் பேசக் கூடாது, இருமக் கூடாது, கடைசியில் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இதெல்லாம் அவர் போட்ட சட்டம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படகு ஆல்பத்தின் முறை. பாடும் குழுவின் பெயர் என் நாக்கில் நிற்காது. அட்டையில் நீலக் கடலும் அதில் ஆளில்லாத ஒரு படகும் இருக்கும், அதனால் எனக்கு அது படகு ஆல்பம். வெளிவந்து ஐம்பது வருஷம் ஆனதைக் கொண்டாட ஒரு புது ரீமாஸ்டர் வந்திருந்தது. ஆல்பர்ட்டின் மகள் லண்டனிலிருந்து வரும்போது வாங்கி வந்திருந்தாள்.

இந்த முறை வைத்திக்கு அது பொழுதுபோக்கு இல்லை. அதற்கு முந்தைய வாரம் வாஷிங் மெஷின் வேலையை முடித்துவிட்டுக் கீச் கீச்சென்று கத்தியது. அதன் மேலேயே பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்த மனிதர் நிமிரவில்லை. நான் சமையலறையிலிருந்து கேட்டுவிட்டு ஓடி வந்தேன். மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சோதித்தார்கள். தாளில் வந்த கோடு பாதி வரை நேராகப் போய்விட்டு, பிறகு பார்க்கில் இருக்கும் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. மெல்லிசான, கூர்மையான சத்தங்கள் போய்விட்டன, காதுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தி எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "விஜி, இது சுந்தரேஷுக்கும் ஆல்பர்ட்டுக்கும் தெரிய வேண்டாம்."

"தெரிஞ்சா என்ன? அவாளுக்கும் வயசாகலையா?"

"ஞாயித்துக்கிழமை படகு ஆல்பத்தைக் கேட்டுப் பாக்கறேன். பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா சரி. தெரியலேன்னா பிளேயர், ஸ்பீக்கர், சிடி எல்லாத்தையும் ஆல்பர்ட்டுக்குக் குடுத்துடறேன். கேக்காத காதை வச்சுண்டு நடுவுல உக்காந்து தலையை ஆட்டறதுக்கு எனக்கு வெக்கமா இருக்கும்."

அந்தச் சாமான்கள் ஒழிந்தால் ஹாலில் ஒரு டைனிங் டேபிள் போடலாம் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இப்போது அவரே சொன்னபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயமாகத்தான் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் வாரத்தில் ஒரு நாள்தான் ஷேவ் செய்துகொள்கிறார். அது ஞாயிற்றுக்கிழமை.

அன்றைக்கு ஷேவ் செய்துகொண்டு, கன்னத்தில் சின்னதாக ஒரு வெட்டும் போட்டுக்கொண்டு, நடு நாற்காலியில் உட்கார்ந்தார். காபி ஆனது. பஜ்ஜிக்கு மாவு கரைத்து முதல் ஈடு எடுத்து வைத்துவிட்டு நான் திரைக்குப் பின்னால் போனேன். பழைய சிடியைப் போட்டு, திருகைச் சிவப்புப் புள்ளியில் நிறுத்தி, அவர்கள் பேசி வைத்திருந்த நாலாவது பாட்டை ஓட விட்டேன். மெதுவான பாட்டு. ஒற்றை கிடாரில் ஆரம்பித்து, பிறகு டிரம்ஸ், பிறகு ஒருவன் ஏதோ குறைப்பட்டுக்கொள்கிறான்.

பாட்டு முடியவும் வாசல் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர்காரன். மூன்று நாளாகக் கூப்பிட்டும் வராதவன்.

"பையா, கல் ஆயியே. கர் மே மெஹ்மான் ஹைன்," என்றேன், வீட்டில் விருந்தாளிகள் இருக்கிறார்கள், நாளைக்கு வா என்று.

நாளைக்கு முடியாது, இன்றைக்கு விட்டால் அடுத்த வாரம்தான் என்று ஹிந்தியில் நீட்டி முழக்கினான். நானும் விடவில்லை. ஒரு வழியாக அவனை அனுப்பிவிட்டு, எரிச்சலோடு திரும்பி வந்து உட்கார்ந்து, ப்ளே பட்டனை அமுக்கினேன்.

பாட்டு முடிந்ததும் முதலில் வாயைத் திறந்தது சுந்தரேஷ்தான். "சந்தேகமே இல்லை, ரெண்டாவதுதான் புதுசு. டிரம்ஸ் மேல மூடியிருந்த ரஜாய்ப் போர்வையை யாரோ உருவிப் போட்ட மாதிரி இருக்குடா. அந்த சிம்பல் தட்டு எப்படி ஜொலிக்கறது பாரு!"

"ரெண்டாவதுதான் புதுசு, அது சரி," என்றார் ஆல்பர்ட். "ஆனா எனக்கு மொதல்லதுதான் பிடிச்சிருக்கு. ரெண்டாவதுல அந்த சிம்பல் காதுல ஊசி குத்துன மாதிரில்லா இருக்கு? ரொம்பத் தேச்சுக் களுவிட்டானுவ."

சிடியை உறைக்குள் போடலாம் என்று கையை நீட்டினேன். ஆம்ப்ளிஃபயர் மேல் புது சிடி அதன் வெள்ளைக் காகித உறைக்குள் அப்படியே இருந்தது. திருகு சிவப்புப் புள்ளியிலேயே நின்றது. ரிப்பேர்காரனோடு மல்லுக்கட்டிவிட்டு வந்த மும்முரத்தில் மாற்றிவிட்டதாக நினைத்து, போட்டதையே மறுபடி போட்டிருக்கிறேன்.

அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வரக் கூடாது. இன்னும் ஒருவர் பாக்கி.

"வைத்தி, நீ சொல்லுடா. என்ன யோசிக்கறே?" என்றார் சுந்தரேஷ்.

வைத்தி, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்டது," என்றார்.

"விளையாடாதே."

"விளையாடலை. காதுல குறை வந்துடுத்து, டாக்டர் சொல்லிட்டார். இன்னிக்குக் கேட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு சொல்றேள், என் காதுல ஒண்ணுமே விழலை. ஆல்பர்ட், அடுத்த வாரம் ஒரு டெம்போ கொண்டு வாங்கோ. எல்லாத்தையும் எடுத்துண்டு போயிடுங்கோ."

நான் பெட்ஷீட்டை இழுத்த இழுப்பில் கிளிப்புகள் தெறித்து விழுந்தன. "ஒருத்தரும் எதையும் எடுத்துண்டு போக வேண்டாம்! ரெண்டு தடவையும் நான் போட்டது ஒரே சிடி. மாத்த மறந்துட்டேன். இதோ பாருங்கோ, புதுசு உறையை விட்டே வெளியில வரலை."

சுந்தரேஷின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆல்பர்ட்தான் முதலில் சிரித்தார். "பாபிஜி, எங்க மானத்த இப்படி வாங்கிட்டியளே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். வைத்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ நான் சொன்னதுதான் சரி!" என்றார். பரீட்சையில் பாஸான பையனின் குரல் அது. எனக்கு உள்ளூர ஒரு பெரிய பாரம் இறங்கியது. அதோடு விட்டிருந்தால் பஜ்ஜியைச் சூடாகச் சாப்பிட்டிருக்கலாம்.

ஆனால் அவர் ஆயுசு முழுக்க ஃபைலில் ஓட்டை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர். சிரிப்பு அடங்குவதற்குள் முகம் மாறிவிட்டது.

"இருங்கோ. இதனால ஒண்ணும் நிரூபணம் ஆகலை. காது கேக்காதவனுக்கும் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். விஜி, திரையை மாட்டு. இந்தத் தடவை மாத்திப் போட்டாலும் சரி, அதையே போட்டாலும் சரி, எங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"பஜ்ஜி ஆறிப் போறது."

"ஆறட்டும்."

மாட்டினேன். முதலில் பழையது, சிவப்புப் புள்ளி. பிறகு புதியது, பிங்க் புள்ளி. மாற்றிவிட்டேனா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன். மாற்றிய கையோடு, வேறு வேலையில்லாமல், முதல் தடவையாக அந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்டேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட விட்டிருக்கிறேன், கேட்டதில்லை.

இரண்டும் வேறு வேறு. எனக்கே தெரிந்தது.

பாட்டு நின்றது. பெட்ஷீட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் முந்திக்கொள்ளவில்லை.

"என்ன சொல்றது... எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு," என்றார் சுந்தரேஷ்.

"எனக்கும் ஒண்ணுதான், சார்," என்றார் ஆல்பர்ட்.

சற்று முன் பட்ட அவமானத்தில் பயந்து சொன்னார்களா, நண்பருக்காகச் சொன்னார்களா, எனக்குத் தெரியாது. இரண்டு சாம்பார் ஒரே மாதிரி இருக்கிறது என்றுகூட ஒப்புக்கொள்ளாதவர் சுந்தரேஷ்.

"எனக்கும் அப்படித்தான்," என்றார் வைத்தி. "விஜி, வெளியில வா. என்ன போட்டே?"

வெளியே வந்தேன். வைத்தியின் முதுகுக்குப் பின்னால் சுந்தரேஷ் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினார், சொல்லாதீர்கள் என்று. ஆல்பர்ட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒண்ணுதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டெம்போ வராது, நாற்காலி அங்கேயே இருக்கும். ஆனால் இனிமேல் மணி அடித்ததா, பால் பொங்குகிறதா, அந்த ஆள் என்ன சொன்னார் என்றெல்லாம் இவர் கேட்கப்போவது என்னைத்தான். இன்றைக்கு ஒரு பொய்யைக் கொடுத்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

"வேற வேற," என்றேன். "மொதல்ல பழசு. அப்புறம் புதுசு."

வைத்தி கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. சுந்தரேஷ், "மன்னி..." என்று என்னிடம் ஏதோ ஆரம்பித்து நிறுத்திவிட்டார். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"உனக்கு வித்தியாசம் தெரிஞ்சுதா?" என்று கேட்டார் வைத்தி.

"தெரிஞ்சுது."

"என்ன தெரிஞ்சுது? சொல்லு."

"எனக்கு உங்களாட்டம் சொல்லத் தெரியாது."

"உன்னாட்டம் சொல்லு."

"புதுசுல அந்த ஆள் பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறான். பழசுல அது இல்லை. அப்புறம் கடைசியில அந்தப் பித்தளைத் தட்டு ஒண்ணு அடிக்கறாளே, அது. குடத்துல கரண்டி பட்டா ரொம்ப நேரம் அதிருமே, அந்த மாதிரி அதிர்ந்துண்டே இருக்கு. பாட்டு முடிஞ்சு போச்சுன்னு நிறுத்தப் போனேன், இன்னும் கேட்டுண்டிருந்தது. கையை எடுத்துட்டேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பழசுல?"

"பழசுல சட்டுனு நின்னு போறது. யாரோ கதவைச் சாத்தின மாதிரி."

"அந்த அதிர்வு எல்.பி. ரெக்கார்டுல இருந்தது, விஜி. சிடி வந்தப்போ காணாமப் போயிடுத்து. அது இல்லை இல்லைன்னு இத்தனை வருஷமா இவா ரெண்டு பேர்கிட்டயும் கத்திண்டிருந்தேன்." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இப்போ திரும்பி வந்துடுத்தா?"

"வந்துடுத்து," என்றேன்.

டெம்போ வரவில்லை. அந்த வாரமே டாக்டரிடம் போய் மெஷினுக்குக் காதில் அளவு கொடுத்துவிட்டு வந்தோம். அதை வைத்தால் பேச்சு நன்றாகக் கேட்கும், பாட்டைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வைத்தி தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷேவ் செய்துகொண்டு வந்து, என் நெயில் பாலிஷை எடுத்தார். இந்த முறை என்னைக் கேட்டுவிட்டு எடுத்தார். புள்ளிகளை வைத்தார், கயிற்றைக் கட்டினார், பெட்ஷீட்டை மாட்டினார். சுந்தரேஷும் ஆல்பர்ட்டும் வந்து அவரவர் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான் தட்டை வைத்துவிட்டு வழக்கம்போல் திரைப் பக்கம் போனேன். அங்கே என் ஸ்டூலில் வைத்தி உட்கார்ந்திருந்தார்.

"நீ அங்க போய் உக்காரு," என்றார். "கேட்டுட்டு எனக்குச் சொல்லு."

நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் அதைத் துடைத்திருக்கிறேன், உட்கார்ந்ததில்லை. பெட்ஷீட்டுக்குப் பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

"விஜி, ரெடியா?"

"திரைக்குப் பின்னால இருக்கறவா பேசக் கூடாது," என்றேன், அவருக்குக் கேட்கும்படி உரக்க.